கொல்லையில் வாத்துக் குளம்: முதலில் வடிகாலைப் பாருங்கள்

வாத்து வாங்கி வந்த முதல் வாரம் பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். குழந்தைகள் குளிக்கும் ரப்பர் தொட்டியை வாங்கிக் காற்றடித்து, தண்ணீர் நிரப்பி, வாத்துகளை இறக்கிவிட்டு போட்டோ எடுப்பது. நானும் எடுத்தேன். கும்பகோணத்துக்கு வெளியே வீடு, பின்னால் சின்னக் கொல்லை, ஐந்து காக்கி கேம்பல் வாத்துகள். நான்காம் நாள் காலையில் தொட்டி சப்பிக் கிடந்தது. வாத்தின் கால் நகம் பார்வைக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். காற்றடித்த பிளாஸ்டிக்கைக் கிழிக்க அதுவே தாராளம்.

அடுத்து பள்ளம் தோண்டி சில்பாலின் தார்ப்பாய் விரித்தேன். சுற்றிலும் கல் அடுக்கி, ஓரத்தில் கல்வாழை வைத்து, நிஜக் குளம் மாதிரியே இருந்தது. ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சையானது, அதற்கடுத்த சில நாளில் நாற்றம். அந்தத் தண்ணீரை வெளியேற்ற வழியே வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாளி வாளியாக அள்ளினேன். அடியில் நாலு விரற்கடைக்குச் சேறு, எச்சம், இறகு. அதை மண்வெட்டியால் எடுக்கப்போய் பாயிலும் ஒரு வெட்டு விழுந்தது. கல்வாழையை வாத்துகள் அதற்கு முன்பே முடித்துவிட்டிருந்தன.

மூன்றாவதாக வைத்தது கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை. இன்றைக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. குளம் அமைப்பது ஒரு நாள் வேலை, தண்ணீர் மாற்றுவது வருடம் முழுக்க உள்ள வேலை. அதனால் அளவையும் அழகையும் அப்புறம் பாருங்கள். தண்ணீர் எந்த வழியாக, எவ்வளவு சிரமமில்லாமல் வெளியே போகும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

வாத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

நீந்தக் குளம் இல்லாமலும் வாத்து வாழும், முட்டையிடும். ஆனால் தலையை முழுக்க முக்கி எடுக்கிற ஆழத்துக்குத் தண்ணீர் இல்லாமல் நன்றாக இருக்காது. மூக்குத் துளையையும் கண்ணையும் அது கழுவிக்கொள்வது அப்படித்தான். கோழிக்கு வைக்கிற ஆழமில்லாத தண்ணீர்த் தட்டை வாத்துக்கு வைத்தால், கொஞ்ச நாளில் கண்ணோரம் பிசுபிசுத்து நுரை கட்டும். அரை அடி ஆழமுள்ள ஒரு பேசின்தான் குறைந்தபட்சம். காலை உந்தி நீந்த ஓர் அடி ஆழம் போதும். அதற்கு மேல் கூட்டுகிற ஒவ்வோர் அங்குலமும் நீங்கள் வெளியேற்ற வேண்டிய தண்ணீர்.

குளத்தில் இறங்கிய வாத்தை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். முதலில் குடிக்கும். பிறகு தலையை முக்கித் தண்ணீரை முதுகில் வாரிவிட்டுக்கொள்ளும். இரண்டு இறக்கையாலும் தண்ணீரை அடிக்கும். கரையேறியதும் வால் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து, இறகு இறகாக இழுத்துப் பூசும். அரை மணி நேரம் ஆகும், அவசரமே படாது. அந்த எண்ணெயும் இறகின் நெருக்கமான அமைப்பும் சேர்ந்துதான் தண்ணீரை உடம்பில் ஒட்டவிடாமல் தடுக்கின்றன. ஆகவே வாத்தையோ தொட்டியையோ சோப்புப் பவுடர் போட்டுக் கழுவுகிற யோசனை வேண்டாம். சோப்பு அந்த எண்ணெயை எடுத்துவிடும். அப்புறம் வாத்து ஊறிக் கனத்துப்போகும், குளிரில் நடுங்கும், ஆழமான தண்ணீரில் மூழ்கவும் செய்யும்.

எந்த இனம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காக்கி கேம்பல் இங்கிலாந்தில் அடேல் கேம்பல் என்ற பெண்மணி 1900-ஐ ஒட்டிய வருடங்களில் உருவாக்கிய இனம். அதன் முன்னோர்களில் ஒன்று இந்தியன் ரன்னர். பேரில்தான் இந்தியன், பூர்வீகம் இந்தோனேசியத் தீவுகள். காக்கி கேம்பலும் ஆரணிப் பக்கத்துக் கீரி, சன்னியாசி வாத்துகளும் எடை குறைந்தவை, சின்னத் தொட்டியிலேயே சமாளித்துக்கொள்ளும். வெள்ளை பெக்கின் உடம்பு கனத்தது. அது தண்ணீரில்தான் சுலபமாக இணை சேரும். அதில் குஞ்சு பொரிக்க நினைத்தால் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாகவே வைக்க வேண்டும்.

எதை வைப்பது?

வாடகை வீடு, இரண்டு மூன்று வாத்துதான் என்றால் 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்து வைப்பதே உத்தமம். ஒவ்வொரு பாதியும் 100 லிட்டர், சாய்த்தால் தண்ணீர் கொட்டிவிடும். வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் என்றால் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி விளிம்பின் மேல் மாட்டிவிடுங்கள்.

மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் சிமெண்ட் தொட்டி வீட்டில் சும்மா கிடந்தால் அதுவும் ஆகும். ஆனால் பெரும்பாலான தொட்டிகளில் அடியில் துளை இருக்காது. துளை போட்டுக் குழாய் வைத்த பிறகு பயன்படுத்துங்கள். தார்ப்பாய்க் குளத்தைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. வடிகால் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

சொந்த வீடு, நாலைந்து வாத்து என்றால் உறைதான் என் சிபாரிசு. 3 அடி அகல உறையில் 10 அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் ஏறக்குறைய 170 லிட்டர். 4 அடி உறையில் ஏறக்குறைய 300 லிட்டர். இரண்டு உறையை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஆழப்படுத்தலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மொட்டை மாடியில் வைக்க நினைப்பவர்கள் இன்னொரு கணக்கும் போடுங்கள்: 300 லிட்டர் என்றால் 300 கிலோ, உறையின் எடை தனி. இன்ஜினியரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம், சுவர் ஓதமேறும். கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மத்தியான வெயில் படாத இடம் வேண்டும், ஆனால் தென்னை மரத்தடி ஆகாது. மட்டையும் தேங்காயும் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. வேம்பு, முருங்கை மாதிரி இலை கொட்டுகிற மரத்தடியில் வைத்தால் தினமும் சருகு அள்ளுகிற வேலை சேரும். நான் கீற்றுப் பந்தல் போட்டுவிட்டேன்.

இடம் கொஞ்சம் மேடாகவும், பக்கத்தில் தாழ்வாக வாழையோ தீவனப்புல்லோ இருக்கிற மாதிரியும் அமைந்தால் பாதி வேலை முடிந்தது. வாத்துக் குளத்துத் தண்ணீர் உரம் கரைத்த தண்ணீர்தான், வாழைக்கு அமிர்தம். ஒரே மரத்துக்கு விட்டுக்கொண்டே இருந்தால் வேர் அழுகும் என்பதால் பைப்பை மாற்றி மாற்றிப் போடுங்கள். பச்சையாகச் சாப்பிடுகிற கொத்தமல்லி, புதினா, வெள்ளரிக்கு மட்டும் விடாதீர்கள். எச்சத்தில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம்.

உறைக் குளம் கட்டும் முறை

கொத்தனாரிடம் முதலிலேயே தெளிவாகப் பேசிவிட வேண்டும். எங்கள் மேஸ்திரிக்கு என் யோசனை பிடிக்கவே இல்லை.

“தரைக்கு மேல வச்சா மாட்டுத்தொட்டி மாதிரி இருக்கும் சார். உள்ள இறக்கிட்டா குளமாட்டம் அழகா இருக்கும்ல?”

“உள்ள இறக்குனா தண்ணிய எப்படி வெளிய எடுக்கிறது மேஸ்திரி?”

கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுவுஞ் சரிதான்” என்று மண்ணை மூட ஆரம்பித்தார்.

தரையிலிருந்து அரை அடி உயரத்துக்குச் செங்கல்லும் மண்ணும் கெட்டித்து ஒரு திட்டு கட்டுங்கள். அதன்மேல் 3 அங்குல கான்கிரீட். உறைக்கு அடித்தளம் கிடையாது, இந்த கான்கிரீட்தான் குளத்தின் தரை. கான்கிரீட் போடும்போதே 2 அங்குல பிவிசி குழாயை அதற்குள் பதித்து, ஒரு முனை குளத்தின் ஓரத்தில் தரையோடு தரையாகவும், மறுமுனை திட்டுக்கு வெளியேயும் வருகிற மாதிரி வைக்க வேண்டும். வெளிமுனையில் ஒரு பால் வால்வு, அதாவது கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுகிற அடைப்பு. ஒன்றரை அங்குலக் குழாய் போதும் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள், இறகும் சேறும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். குழாய் வாயில் மெல்லிய வலை கட்டுவதும் வீண். மூன்றே நிமிடத்தில் இறகு அப்பி மூடிவிடும்.

தரை குழாய் வாயை நோக்கிச் சரிய வேண்டும். இந்த இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். வாழ்நாள் முழுக்க ரசமட்டம் வைத்து மட்டமாகப் பூசிப் பழகிய கை, சரிவாகப் போடச் சொன்னால் கேட்காது. எங்கள் மேஸ்திரி பேசிக்கொண்டே தன்னையறியாமல் இரண்டு முறை மட்டமாக இழுத்துவிட்டார். தரை இறுகியதும் ஒரு சொம்புத் தண்ணீரை எதிர்ப்பக்க ஓரத்தில் ஊற்றிப் பாருங்கள். எங்கும் தேங்காமல் குழாய்க்கு வந்து சேர்ந்தால்தான் சரி.

அதன்மேல் உறையை உருட்டி வந்து உட்கார வைத்து, உள்ளும் புறமும் இணைப்பில் நீர்க்கசிவுத் தடுப்பு மருந்து கலந்த சிமெண்ட் கலவை பூச வேண்டும். உறை கனமானது, இரண்டு பேராவது வேண்டும், விரலைக் கவனியுங்கள். உட்புறத்தை வழவழப்பாகப் பூசச் சொல்லுங்கள். சொரசொரப்பான சிமெண்ட் வாத்தின் பாதத்தைத் தேய்த்துப் புண்ணாக்கும். அந்தப் புண்ணில் கிருமி போனால் உள்ளங்காலில் கொப்புளம் மாதிரி கட்டி கெட்டியாகும், ஆறவே ஆறாது.

ஏறி இறங்க வழி வேண்டும். உள்ளே இரண்டு செங்கல் படி, வெளியே விளிம்புவரை சாய்வாக ஒரு பலகை. பலகையில் சாக்கைச் சுற்றி ஆணி அடித்தால் வழுக்காது. படி இல்லாத தொட்டியில் தண்ணீர் மட்டம் குறையும்போது வாத்தால் வெளியே வர முடியாது. நீந்தி நீந்திக் களைத்து ஊறி, வாத்து தண்ணீரில் மூழ்கிச் சாவது நடக்கிற காரியம்தான். ஆணி அடித்து முடித்ததும் கீழே விழுந்த ஆணி, ஸ்குரூ, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். பளபளப்பாக எது கிடந்தாலும் வாத்து விழுங்கும். உலோகம் வயிற்றில் கிடந்து விஷமாகும்.

குளத்தைச் சுற்றி மூன்றடி தூரத்துக்குக் கூழாங்கல் பரப்புங்கள். வாத்து வெளியே கொண்டு வந்து உதறுகிற தண்ணீரில் மண் தரை இரண்டே நாளில் நாற்று நடுகிற வயலாகிவிடும். உடைத்த ஜல்லி மலிவுதான், ஆனால் கூர் விளிம்பு பாதத்தைக் கிழிக்கும்.

சிமெண்ட் காய்ந்ததும் உடனே வாத்தை விடக்கூடாது. புது சிமெண்ட் தண்ணீரில் காரத்தை இறக்கும். தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வைத்து வடித்துவிடுங்கள். இப்படி மூன்று முறை. மீன் தொட்டி கட்டுகிறவர்கள் வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊற வைப்பார்கள், நானும் போட்டேன்.

தண்ணீர் மாற்றும் கணக்கு

ஐந்து வாத்துக்கு 300 லிட்டர் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுகிறேன், கோடையில் தினமும். நாள்கணக்கைவிட நம்பகமான அளவுகோல் உள்ளே இருக்கும் செங்கல் படிதான். கீழ்ப்படி கண்ணுக்குத் தெரியாவிட்டால் வால்வைத் திறக்க வேண்டியதுதான். மூக்கும் சொல்லும். கண் எரிகிற மாதிரி நெடி வந்தால் ஏற்கெனவே தாமதம்.

ஃபில்டர் வைத்தால் மாற்றவே வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். மீன் தொட்டிக்கான ஃபில்டர் வாத்துக்கு ஈடுகொடுக்காது. வாத்து தின்பதும் அதிகம், கழிவதும் அதிகம், போதாததற்கு அலகு நிறைய மண்ணை அள்ளிவந்து தண்ணீரில் கழுவும். பெரிய அளவில் சரளையும் நீர்ச்செடியும் வைத்து வடிகட்டுகிறவர்கள் உண்டு, அதற்கு இடமும் மோட்டாரும் வேண்டும். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

டிரம் வைத்திருப்பவர்கள் கவிழ்த்தால் போதும். வால்வு இல்லாத தொட்டி என்றால் ஹோஸ் பைப்பை முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டிக்குள்ளும் மற்றதைத் தாழ்வான இடத்திலும் போட்டு விரலை எடுங்கள், தண்ணீர் தானே இறங்கும். வாயால் உறிஞ்சி இழுக்கிற பழக்கத்தை டீசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒருநாள் முழுக்க வடித்து, கட்டை விளக்குமாற்றால் சுவரையும் தரையையும் தேய்த்து, மத்தியானம்வரை காய விட வேண்டும். தேய்ப்பதுதான் முக்கியம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாத்து கொசுப்புழுவைத் தின்னும் என்பது உண்மை, அதை நம்பி விட்டுவிடுவது சோம்பேறித்தனம். கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். வாத்துக்கு அது சாப்பாடு.

மாதம் ஒருமுறை, வடித்த தொட்டியில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மூன்று முறை கழுவி, ஒருநாள் வெயிலில் காய வைக்கிறேன். வாத்துகளை அன்றைக்குப் பக்கத்திலேயே விடுவதில்லை. பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடச் சொல்வார்கள், பினாயில் ஊற்றச் சொல்வார்கள். வாத்து குடிக்கிற தண்ணீர் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். எலி நடமாடும் இடத்துத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

தீவனத்தைக் குளத்தில் வீசக்கூடாது. வாத்து தின்னும்போது தொண்டையை நனைத்துக்கொள்ளத் தண்ணீர் வேண்டும், அதற்குத் தீவனத்தின் அருகே தனியாக ஒரு வாளி வைத்துவிட்டு, குளத்தைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருங்கள். மாவுத் தீவனம் குளத்தில் கரைந்தால் அன்று மாலையே புளித்த வாடை வரும்.

கோடையும் மழையும்

அக்னி நட்சத்திரத்தில் தேங்கிய தண்ணீர் வெந்நீராகும், அழுகல் வேகமாக நடக்கும். செத்த தவளை, எலி, புழு வைத்த தீவனம் எது கிடந்தாலும் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சு உருவாகலாம். அறிகுறியைக் கண்ணால் பார்த்தால் மறக்காது. முதலில் கால் தளரும், இறக்கை தொங்கும், பிறகு கழுத்தைத் தூக்க முடியாமல் தரையில் கிடத்தும். அந்தத் தண்ணீரிலிருந்து எல்லா வாத்தையும் உடனே விலக்கி, நல்ல தண்ணீர் கொடுத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கழுத்து தொங்கிய வாத்தைத் தண்ணீர் அருகில் விடாதீர்கள், முகம் கவிழ்ந்தே செத்துப்போகும்.

தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் கோடை இரண்டு மாதம் குளத்தைக் காயப்போட்டுவிட்டு, தலை முக்கப் பேசின் மட்டும் வைக்கலாம். வாத்து கோபித்துக்கொள்ளும், ஆனால் கெட்டுப்போகாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லை, பாம்புதான் கவலை. தவளை வரும், அதன் பின்னால் பாம்பு வரும். கூழாங்கல் பரப்பைச் சுற்றிப் புல் வளர விடாதீர்கள். வயல் குட்டைகளுக்கு வருகிற வெளிப்பறவைகள் உங்கள் குளத்தில் இறங்காமல் மேலே வலை கட்டுவதும் நல்லது. வாத்து பிளேக், பறவைக் காய்ச்சல் எல்லாம் தண்ணீர் வழியாகவும் பரவும். பிளேக்குக்குத் தடுப்பூசி உண்டு, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

குஞ்சுகளும் குழந்தைகளும்

கடையில் வாங்கிய குஞ்சு, பொரிப்பானில் பொரித்தது. தாய் வாத்தின் இறகோடு உரசி ஒட்டுகிற எண்ணெய் அதற்குக் கிடைத்திருக்காது, சொந்தச் சுரப்பியும் அவ்வளவாக வேலை செய்யாது. குளத்தில் போட்டால் பஞ்சு மாதிரி ஊறி நடுங்கிச் செத்துவிடும். முதல் சில வாரம் ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்ட தண்ணீர் போதும். பிறகு வெயில் நேரத்தில் ஐந்து நிமிடம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, எடுத்துத் துடைத்து உலர்த்துங்கள். உடம்பு முழுக்க இறகு மூடிய பிறகுதான், அதாவது இரண்டு மாதத்தை ஒட்டி, பெரிய குளம். குளமே பார்க்காமல் வளர்ந்த பெரிய வாத்தை வாங்கி வந்தாலும் முதல் வாரம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

வீட்டில் தவழ்கிற, நடைபழகுகிற பிள்ளை இருந்தால் குளத்துக்கு இரும்புக் கம்பிவலை மூடி செய்துகொள்ளுங்கள். பத்து அங்குலத் தண்ணீர் ஒரு குழந்தைக்கு ஆழம்தான். வாத்து இல்லாத நேரமெல்லாம் மூடி இருக்க வேண்டும்.

இரவில் வாத்துக்குக் குளம் தேவையில்லை. அந்தி சாய்ந்ததும் கூட்டில் அடைத்துவிடுங்கள், கீரியும் காட்டுப்பூனையும் தெருநாயும் சுற்றும் நேரம். காலையிலும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். வாத்து விடியற்காலையிலிருந்து எட்டு ஒன்பது மணிக்குள் முட்டையிடும். ஆறு மணிக்கே கதவைத் திறந்துவிட்டால் நேரே குளத்துக்கு ஓடி, நீந்திக்கொண்டே முட்டையைப் போட்டுவிட்டுப் போகும். தண்ணீர் மாற்றுகிற ஒழுங்கு எனக்குப் படியாத ஆரம்பத்தில், ஒரு மாதமாக முட்டை குறைகிறதே, தீவனத்தில் என்ன கோளாறு என்று தவிட்டை மாற்றி, கருவாட்டுத் தூளை மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மதில் வழியாகப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, தண்ணிய வடிச்சிப் பாத்தியா?” என்றார். வால்வைத் திறந்தேன். கலங்கல் இறங்க இறங்க, குழாய் வாயை ஒட்டி மூன்று முட்டைகள் பாசி படிந்து பச்சையாக உட்கார்ந்திருந்தன. மூன்றையும் வாழையடியில் புதைத்தேன். அழுக்குத் தண்ணீரில் ஊறிய முட்டையை அடைக்கும் வைக்கக்கூடாது, சாப்பிடவும் கூடாது.